வடக்கே விளைந்த தேயிலை

எட்டு வயதில் நான் கோத்தகிரியைத் திருடினேனா, இல்லையா? இத்தனை வருடம் கழித்தும் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. திருடினேன் என்று சொன்னால் என் கணவர் சிரிக்கிறார். திருடவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டால் மனம் ஒப்பவில்லை. என் மகளுக்கு இப்போது அதே எட்டு வயது. அவளால்தான் இந்த விஷயம் மறுபடி கிளம்பியிருக்கிறது. நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதிப் பார்க்கிறேன். சில இடங்களில் என் ஞாபகம் பிசகியிருக்கலாம், அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஷார்ஜாவில் ஒரு நான்கு மாடிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் நாங்கள் மூன்று பேர். அப்பா தொழில்பேட்டையில் லாரி உதிரிப்பாகக் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்கீப்பர். யாழ்ப்பாணத்துக்காரர். சண்டை மூண்டிருந்த ஊரிலிருந்து கடிதம் வருவது அப்போது குறைந்துகொண்டே போனது. கம்பெனித் தபால்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வரும் நாட்களில் அவர் செருப்பைக் கழற்றும் சத்தத்தை வைத்தே கடிதம் வந்ததா இல்லையா என்று அம்மா கண்டுபிடித்துவிடுவார். நான் மூன்று வயதில் ஒரு முறை ஊருக்குப் போனதாகச் சொல்வார்கள். எனக்கு ஒன்றும் நினைவில்லை. இலங்கை என்றால் எனக்கு அட்லஸில் பச்சையும் மஞ்சளுமாக இருந்த ஒரு பக்கம்தான்.

எங்கள் பள்ளியில் ‘என் நாடு’ என்று ஒரு கண்காட்சி வைத்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் நாட்டைக் கோதுமை மாவும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, மேடு பள்ளத்தோடு செய்து வரவேண்டும். மலை உயரமாக, சமவெளி தட்டையாக. என்ன விளைகிறதோ அதை மேலே ஒட்ட வேண்டும். எல்லைக் கோட்டுக்கு வெளியே எதுவும் இருக்கக் கூடாது என்று மிஸ் தாளில் அடிக்கோடிட்டு எழுதியிருந்தார். அடிக்கோடிட்ட எதையும் மீறியவள் இல்லை நான், அன்றும் இன்றும்.

ஒரு வெள்ளிக்கிழமை முழுவதும் இந்த வேலையில் போனது. உதிரிப்பாகம் வந்த பெட்டியின் பலகை மூடியை அப்பா கொண்டுவந்தார். கடலுக்கு நீலத்துணி வேண்டியிருந்தது. கீழே தையல் கடை வைத்திருந்தவர் அக்கரைப்பற்றுக்காரர். அவரை எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்போம். மிஞ்சிய லைனிங் துணியை வெட்டிக் கொடுத்துவிட்டு, “காசெல்லாம் வாணா மகள். கெழக்கால என்ட ஊருக்கு ஒரு புள்ளி வெச்சிரு. பக்கத்துல கொஞ்சம் நெல்லும் ஒட்டு. நெல்லு இல்லாம எங்கட பக்கத்தப் பாத்தா ஒருத்தனும் நம்பமாட்டான்” என்றார். அப்பாவின் கம்பெனி பிக்கப் ஓட்டிய சிங்கள மாமா காலி என்ற ஊரைச் சேர்ந்தவர். அவர் தன் பங்குக்குக் கருவாப்பட்டை இரண்டு துண்டு கொடுத்தார். அதைத் தெற்கே நட்டோம்.

அப்பா வடக்கை மட்டும் தானே செய்வேன் என்று பிடிவாதமாக எடுத்துக்கொண்டார். சிவப்பு மண்ணுக்கு மிளகாய்த்தூள், பனைக்குத் தீக்குச்சி, வெங்காயத் தோட்டத்துக்கு வெங்காயச் சருகு. முடித்தபோது யாழ்ப்பாணம் அட்லஸில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு இருந்தது.

“இஞ்சருங்கோ, உது என்ன, கொழும்பைவிடப் பெரிசாக் கிடக்கு?” என்றார் அம்மா.

“அளவு சரிதான். அட்லஸிலைதான் பிழை” என்றார் அப்பா.

மலைகளைச் செய்தது அக்கா. சொந்த அக்கா இல்லை, அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த அரபு வீட்டில் வேலை செய்தவர், ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அந்த வீட்டு மேடத்தின் கடைசிக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாலைத் தொழுகைக்கு முன் மணல்வெளியில் நடப்பார். அந்தக் குழந்தையை அவர் தமிழில் திட்டுவது கேட்டுத்தான் அம்மா பால்கனியிலிருந்து கூப்பிட்டார். அதிலிருந்து தினமும் அரை மணி நேரம் எங்கள் வீட்டில் வந்து இருந்துவிட்டுப் போவார். ஒரு டீ குடிப்பார். டீயை முதலில் மணந்து பார்த்துவிட்டு, “இது மலை உச்சி இல்ல, கீழ்க்காட்டுத் தூளு” என்பது போல ஏதாவது சொல்லாமல் ஒரு நாளும் குடித்ததில்லை.

அன்று அவர் கையில் மாவு மலையானது. விரலால் அழுத்தி மடிப்பு மடிப்பாக எடுத்து, ஒவ்வொரு மடிப்பிலும் தேயிலைத் தூளை வரிசையாகப் பதித்தார். “இங்கதான் பாப்பா பனி எறங்கும். மத்தியானமே லாம்பு வெக்கணும். இது எங்க லயம், இது ஆறு” என்று ஊசி முனையால் கோடு கிழித்தார். லயம் என்றால் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு. நான் அதுவரை ஆற்றையே பார்த்ததில்லை. ஷார்ஜாவில் தண்ணீர் என்றால் கடல் அல்லது டேங்கர்.

எல்லாம் முடிந்து கையைக் கழுவிவிட்டு வந்தவர் கேட்டார்.

“பாப்பா, கோத்தகிரி எங்க வரும்?”

நான் அட்லஸின் பின்பக்கத்தில் தேடினேன். “அது இந்தியாவிலை. இதிலை வராது.”

“பக்கத்துலதான? கடலுக்கு அந்தால சின்னதா ஒண்ணு வெச்சா போதும். எங்கம்மா அங்கதான் இருக்காங்க.”

“எல்லைக்கு வெளியிலை ஒண்டும் வைக்கக் கூடாது. மிஸ் ஏசுவா.”

அவர் வற்புறுத்தவில்லை. “ஆமா, மிஸ்ஸு சொன்னா கேக்கணும்” என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டார். அப்பா பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

அவருடைய அம்மா இந்தியாவில் ஏன் இருக்கிறார் என்று நான் பிறகு அம்மாவிடம் கேட்டேன். “அரசாங்கங்கள் ரெண்டும் பேசி, தோட்டத்துச் சனத்திலை கொஞ்சப் பேரை இந்தியாச் சனமெண்டு கப்பலிலை அனுப்பிப்போட்டினம்” என்றார் அம்மா. குடியுரிமைப் பத்திரத்தில் தாய்க்கு இந்தியா என்றும் மகளுக்கு இலங்கை என்றும் வந்துவிட்டதாம். அக்கா இங்கே வேலைக்கு வந்த பிறகுதான் அவருடைய அம்மாவும் தம்பிமாரும் கப்பலேறியிருக்கிறார்கள். தாய் அங்கேயும் போய்த் தேயிலைதான் பறித்தார். நான் அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதப் போய்விட்டேன்.

சிக்கல் இதுதான். அக்காவுக்கு இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்து லீவு வந்திருந்தது. மேடம் கொழும்புக்கு டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டார். கொழும்பில் இறங்கினால் அக்காவுக்குப் போக வீடில்லை. ஹட்டன் லயத்தில் அவர்கள் இருந்த அறையில் வேறு குடும்பம் வந்துவிட்டது. தன் அம்மாவைப் பார்க்க வேண்டுமென்றால் மெட்ராஸுக்கு டிக்கெட் வேண்டும். இதை அவர் தனக்குத் தெரிந்த அரபியில் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தார். ஸ்ரீலங்கா பாஸ்போர்ட் வைத்திருப்பவளின் தாய் எப்படி இந்தியாவில் இருப்பாள்? இவள் எங்கேயோ ஓடிப்போகப் பார்க்கிறாள் என்று மேடம் நினைத்துவிட்டார். “மாஃபி இந்தியா. ஸ்ரீலங்கா, கலாஸ்”, இந்தியா கிடையாது, ஸ்ரீலங்காதான், அவ்வளவுதான் என்று பேச்சை முடித்துவிட்டாராம்.

“நீங்கள் இங்கிலீசிலை ஒரு கடிதம் எழுதிக் குடுங்கோவன்” என்று அம்மா அப்பாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

“மற்றவையின்ரை கஃபீல் விசயத்திலை நாங்கள் தலையிடப்படாது. பிறகு எங்களுக்கு ஏதும் வந்தா?” என்றார் அப்பா. கஃபீல் என்றால் விசா கொடுத்து வேலைக்கு எடுத்த முதலாளி.

கோழை என்று அவரைச் சொல்ல என்னால் முடியவில்லை. எனக்கும் இன்று ஒரு பிள்ளை இருக்கிறது. அந்தப் பயம் எனக்குத் தெரியும்.

கண்காட்சி புதன்கிழமை. செவ்வாய்க்கிழமை பள்ளிவிட்டு வந்தபோது பால்கனியில் காயவைத்திருந்த என் இலங்கையைக் காணவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே புரிந்தது. “அரை மணித்தியாலத்திலை தாறன் எண்டு அக்கா கொண்டு போனவ” என்றார். அரை மணி என்று சொல்லி அதற்குள் நாலு மணி நேரம் ஆகியிருந்தது. நான் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்பா வேலை முடிந்து வந்து கொஞ்ச நேரத்தில் அக்கா படியேறி வந்தார். பலகை மூடியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, கோயில் பிரசாதத் தட்டு கொண்டுவருவது போல மெதுவாக வந்தார். முகத்தில் சிரிப்பும் பயமும் சேர்ந்து இருந்தது. பலகையை மேசையில் வைத்தார்.

அப்பாதான் முதலில் பார்த்தார். “யாழ்ப்பாணத்தைக் காணேல்லையே!”

உண்மையிலேயே காணவில்லை. கிளிநொச்சிக்கு மேலே நீலத்துணிதான் இருந்தது. மேடத்தின் குழந்தை, தாழ்ந்த மேசையில் நீட்டிக்கொண்டிருந்த பெரிய துண்டைப் பிய்த்து வாயில் வைத்துவிட்டது. உப்பும் மிளகாய்த்தூளும் பட்டு வீடு அதிர அழுது, பாதி யாழ்ப்பாணத்தை மேடத்தின் கம்பளத்தில் துப்பியிருக்கிறது.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். அவர் அப்படிச் சிரித்து நான் பல மாதமாகப் பார்த்ததில்லை.

“சிரியும், சிரியும். அங்கை உண்மையிலை இருக்கிறது மிஞ்சினாப் போதும்” என்றார் அப்பா. அம்மாவின் சிரிப்பு அதோடு நின்றுவிட்டது.

நான் அழவில்லை. ஏனென்றால் அதற்குள் நான் வேறொன்றைப் பார்த்துவிட்டேன். கடலுக்கு அந்தப் பக்கம், பலகையின் விளிம்பில், பிஸ்கட் அளவில் ஒரு புதிய துண்டு ஒட்டியிருந்தது. மேல் முழுவதும் தேயிலை. மேடத்தின் சமையலறையில் மாவெடுத்து, அவருடைய அடுப்பிலேயே சுட்டு, கெட்டியாக்கி ஒட்டியிருக்கிறார். எல்லைக்கு வெளியே.

அக்கா அம்மாவிடம் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். “மேடம் முன்னாடி சின்ன மேசையில வெச்சேங்க. இந்தத் தேயிலையக் காட்டி, நான் இங்க பொறந்தேன்னேன். அந்தத் தேயிலையக் காட்டி, உம்மி, எங்கம்மா, அங்கன்னேன். நடுவுல கடலுல வெரல வெச்சு, ஒரு கப்பலு வந்து கூட்டிட்டுப் போச்சுன்னு வெரலாலேயே ஓட்டிக் காட்டினேன். ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்பறம் அவங்களும் வெரல வெச்சு, அங்கயிருந்து இங்க ஒரு தடவ ஓட்டிப் பாத்தாங்க. ஒடனே எந்திரிச்சுப் போயி அவங்க வீட்டு ஐயாவுக்கு போனு பண்ணிட்டாங்க.”

“பிறகு?” என்றார் அம்மா.

“தெரியலைங்க. நாளைக்குச் சொல்றேன்னுட்டாங்க.” பிறகு என் பக்கம் திரும்பினார். “பாப்பா, ஒன்னோட நாட்ட ஒடச்சிட்டேன். கோவமா?”

நான் பலகையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். கோபம்தான். அவருக்கு என்ன நடந்தது என்று எல்லோரும் கேட்டார்கள், என் மிஸ் என்ன சொல்வார் என்று யாரும் கேட்கவில்லை என்ற கோபம்.

அம்மா புதிதாக மாவு பிசைந்து யாழ்ப்பாணம் செய்து வைத்தார். எங்களிடம் சுடுவதற்கு அடுப்பு கிடையாது, கேஸ் அடுப்பு மட்டும்தான். காற்றில் காயட்டும் என்று விட்டோம். ஷார்ஜா ஈரக்காற்றில் ஒரே இரவில் எது காய்ந்தது? காலையில் பார்த்தபோது குடாநாடு இளகி வழிந்து பாக்கு நீரிணையில் இறங்கியிருந்தது.

அம்மா சமையலறையில் இருந்தார். அப்பா சவரம் செய்துகொண்டிருந்தார். பிக்கப் வர இருபது நிமிடம். மிஸ் சொன்ன விதி ஒன்று என்னிடம் இருந்தது, எல்லைக்கு வெளியே எதுவும் இருக்கக் கூடாது. வடக்கே ஒரு ஓட்டையும் இருந்தது. வெளியே இருந்த துண்டோ கல் போல் காய்ந்து கிடந்தது. வழிந்த மாவைத் துடைத்தெடுத்துவிட்டு, வெண்ணெய்க் கத்தியால் கோத்தகிரியை நெம்பி எடுத்தேன். ஓரத்தைத் தரையில் தேய்த்துக் கூராக்கி, மைதாப் பசை தடவி, கிளிநொச்சிக்கு மேலே வைத்து அழுத்தினேன். அளவாகப் பொருந்தியது. தேயிலையைச் சுரண்டிப் பார்த்தேன். சுட்ட மாவில் அது வேரோடியதுபோல் பிடித்திருந்தது, வரவில்லை.

பிக்கப்பில் டிரைவர் மாமா சிவப்பு விளக்கில் நின்றபோது என் மடியில் இருந்ததைக் குனிந்து பார்த்தார். “ஏய் துவ, யாப்பனேல தே கொழுந்தா?” என்றார். துவ என்றால் அவர்கள் மொழியில் மகள், யாப்பனே யாழ்ப்பாணம், தே தேயிலை. நான் வெளியே பார்த்தேன். விளக்கு மாறியதும் அவர், “சரி சரி. வளரட்டும்” என்று வண்டியை எடுத்தார்.

பள்ளியில் மிஸ் குச்சியால் வடக்கைத் தொட்டு, இங்கே தேயிலை விளைகிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். என் வாழ்க்கையில் ஒரு டீச்சரிடம் நான் சொன்ன ஒரே பொய் அதுதான் என்று நினைக்கிறேன். “யெஸ் மிஸ். எனக்குத் தெரிந்த ஒருவரின் அம்மா அங்கே கொழுந்து பறிக்கிறார்” என்றேன். யோசித்தால் பாதிதான் பொய். மிஸ் கராச்சிக்காரர், அவருக்கு எங்கள் நாட்டைப் பற்றி அவ்வளவு தெரியாது. தங்க ஸ்டார் ஒன்றைப் பலகை மூலையில் ஒட்டினார்.

அன்று மாலை அக்கா ஓடியே வந்தார். மேடம் டிக்கெட்டை மாற்றச் சம்மதித்துவிட்டார். இந்திய விசா மட்டும் அக்காவே எடுத்துக்கொள்ள வேண்டுமாம். எங்கே போவது, எந்த ஃபாரம் என்று அவருக்கு ஒன்றும் தெரியாது. சொல்லிக்கொண்டே பலகையைப் பார்த்தவர் நின்றுவிட்டார். விளிம்பில் நீலத்துணியில் பசைக் கறை மட்டும் இருந்தது.

“பாப்பா, எங்கம்மா எங்க?”

விரலை மட்டும் நீட்டி வடக்கைக் காட்டினேன். அப்பாவும் எழுந்து வந்து பார்த்தார். அப்போதுதான் அவருக்கும் தெரிந்தது, தன் ஊர் எதனால் அடைக்கப்பட்டிருக்கிறது என்று.

அடி விழும் என்று நினைத்தேன். அக்கா சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். “பாத்தீங்களா ஐயா, எங்கம்மாவ உங்க ஊருக்கே கூட்டிட்டு வந்திருச்சு இந்தப் புள்ள! கப்பலும் வேணாம், ஒண்ணும் வேணாம்.”

அப்பா கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு அக்காவைப் பார்க்காமல், “பிள்ளை, பாஸ்போர்ட் ஆரிட்டை இருக்கு?” என்று கேட்டார்.

“மேடம் இன்னைக்குத்தான் கையில குடுத்தாங்க ஐயா.”

“நாளைக்குக் கொண்டு வாரும். ஃபாரம் நான் நிரப்பித் தாறன். பர் துபாயிலை இருக்கிற இந்தியன் கொன்சுலேட்டுக்கு நானே கூட்டிக்கொண்டு போறன். அரை நாள் லீவு கேட்டாப் போச்சு.”

“ஏதும் வந்தா?” என்றார் அம்மா, அப்பாவின் வார்த்தையையே திருப்பி.

“வந்தாப் பாப்பம்” என்றார் அப்பா.

அக்கா போய்ச் சில மாதம் கழித்துக் கம்பெனித் தபால்பெட்டிக்கு ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே கால் கிலோ தேயிலையும், யாரையோ எழுதச் சொல்லி எழுதிய ஒரு கடிதமும். அம்மா நலம், பாப்பா நன்றாகப் படிக்க வேண்டும், இது மலை உச்சித் தூள் என்று இருந்தது. அப்பா அந்த டீயை மணந்து பார்த்துத்தான் குடித்தார். வரைபடம் குளிர்சாதனப் பெட்டியின் மேல் இரண்டு வருடம் இருந்து, எறும்புக்குப் போனது.

அன்று எனக்கு விளங்கியது ஒன்றுதான்: நான் மாட்டிக்கொள்ளவில்லை, ஸ்டாரும் என்னுடையது. விளங்காதது எவ்வளவோ. தோட்டத்து மக்களைக் கப்பலேற்றியபோது எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் பெரிதாக ஒன்றும் பேசவில்லை என்று அப்பாவுக்குத் தெரியும். அதனால்தான் அவர் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்தார் என்பது எனக்குத் தெரியாது. ஒரு பெண் தன் தாய் இருக்கும் இடத்தை யாருக்காவது புரியவைக்க மாவில் சுட்டு எடுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது என்பதும், வேலை முடிந்ததென்று அதை நான் நெம்பி எடுத்தேன் என்பதும் தெரியாது. அவருக்கு அது இன்னும் தேவையா என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் தானாகவே கொடுத்திருப்பார், அதுவும் எனக்குத் தெரியும். கொடுத்திருப்பார் என்பதற்காக அது திருட்டில்லை என்று ஆகிவிடுமா? அப்பா விசாவுக்குப் போனதே அந்தத் தேயிலை வடக்கில் இருந்ததால்தானே என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. அது எனக்கு நானே சொல்லும் சமாதானமோ என்று இன்னொரு பக்கம்.

இப்போது என் மகளுடைய பள்ளியிலும் அதே மாவு, அதே உப்பு. அவள் கையில் இருப்பது இலங்கை பாஸ்போர்ட். பிறந்தது ஷார்ஜா. அவளுடைய அப்பா திருச்சிக்காரர். “எல்லாத்தையும் பக்கத்துப் பக்கத்திலை ஒட்டுறேன் அம்மா” என்று நேற்றுச் சொன்னாள். எல்லைக்கு வெளியே எதுவும் கூடாது, மிஸ் ஏசுவா என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. விதியை மீறக் கற்றுக்கொடுப்பதும் பயமாக இருக்கிறது, மீறாமல் இருக்கக் கற்றுக்கொடுப்பதும் பயமாக இருக்கிறது. மிஸ்ஸிடம் நானே போய்க் கேட்கலாமா? அல்லது பெரிய பலகையாக ஒன்று வாங்கி வந்து, பேசாமல் அவள் பக்கத்தில் வைத்துவிடலாமா? பிள்ளை வளர்த்தவர்கள் நீங்கள் சொல்லுங்கள். கண்காட்சிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. மாவை நான் இன்னும் பிசையவில்லை.